மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மனநோயோடு வாழ்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு எங்கள் பதில்: நோயால் அன்றாட வாழ்க்கை நெடுநாளாக முடங்கியிருந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் நோயோடு வாழ்பவர்தான். விவரம் சொல்லாமல் குடும்பத்தார் அவரிடம் கையெழுத்து வாங்கிப் போவதை நாங்கள் ஏற்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் உண்டு. குறைந்தது 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால்தான் அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீடு கேட்க முடியும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் 75,000 ரூபாய் கழிவு பெறலாம். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

தயங்குபவர்கள் பலரும் முதலில் சொல்வது கல்யாணத்தைத்தான். "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல இந்தச் சான்றிதழ் எதுக்கு?" என்கிறார்கள். ஊர் வாய் எப்படிப்பட்டது என்று எங்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். சான்றிதழை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். ஓட்டுரிமை போய்விடும் என்ற பேச்சு மட்டும் தவறு: சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் நீங்கும். பணிக்காலத்தில் குறைபாடு வந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ சட்டத்தின் 20ஆம் பிரிவு விடாது. தனியார் வேலையில் அந்தக் காப்பு இல்லை. அங்கிருப்பவர்கள் முதலாளியிடம் சொல்லும் முன் யோசிப்பது நியாயம்.

எங்களை மிகவும் வருத்துவது சான்றிதழுக்கான மருத்துவ மதிப்பீட்டு நாளில் நடப்பது. தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதையும் வைத்து 'ஐடியாஸ்' அளவுகோலில் மதிப்பெண் போடுகிறார்கள். தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அழைத்துப் போகும் பெற்றோர், "இப்போ பரவாயில்லை டாக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறார்கள். சதவீதம் 40-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. படுக்கையை விட்டு எழாத நாட்களையும், குளிக்க மறுத்த வாரங்களையும், கைவிட்ட வேலைகளையும் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளதை முழுதாகச் சொல்வது பொய்யாகாது.

அரசிடம் நாங்கள் கேட்பது: வீட்டை விட்டு வெளியே வர முடியாதவரிடம் மருத்துவக் குழு வர வேண்டும். பல ஆண்டுகளாக நோய் நீடிப்பவருக்குக் காலவரையறை வைத்த சான்றிதழ் கொடுத்து, திரும்பத் திரும்ப வரிசையில் நிறுத்தக் கூடாது. புதுப்பிக்கத் தாமதமானால் அதுவரை, சான்றிதழை வைத்து அரசு தரும் உதவித்தொகையை நிறுத்தவும் கூடாது.