வாசகரின்ர டேட்டாவைத் தின்ன நாங்கள் ஆர்?

போன மாதம் எங்கட ஓவியக் கண்காட்சிப் படங்களை இணையத்தில் போட்டம். இருபது ஓவியம், இருபதும் பிஎன்ஜி கோப்பு. தரம் துளியும் குறையக்கூடாது எண்ட பெருமை எங்களுக்கு. வன்னியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதினா: "அண்ணையாக்கள், நாலாவது படத்தோட என்ர டேட்டா முடிஞ்சு போச்சு."

வெட்கமாப் போச்சு. தரம் எண்டு நாங்கள் சொன்னதுக்குக் காசு கட்டினது அவ.

1987இல் வந்த ஜிஃப் ஒரு படத்தில் 256 நிறத்துக்கு மேல் காட்டாது. ஜேபெக் 1992, பிஎன்ஜி 1996. அந்தந்தக் காலத்தில் அவை பெரிய சாதனைகள்தான், மறுக்கேல்லை. ஆனால் 2010இல் வெப்பி வந்துவிட்டது. அதை உருவாக்கிய கூகிளின் ஒப்பீட்டில், அதே தரமுள்ள ஜேபெக்கை விட அது 25 முதல் 34 வீதம் சிறியது. 2019இல் வந்த ஏவிஃப் பெரும்பாலும் அதையும் விடச் சுருக்கும். இருந்தும் படம் மாற்றப் போனால் எங்கட கை பழைய பெயரிலேயே போய் அழுத்துது. ஏன்? பழக்கம், வேறொண்டும் இல்லை.

இன்னொரு மூடநம்பிக்கையும் இருக்கு: ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் படம் தெளிவாகுமாம். ஆகாது. ஒருக்கால் தொலைந்த விவரம் திரும்பி வராது, கோப்புத்தான் வீங்கும். கோட்டுப்படம், இலச்சினை மாதிரியானவைக்கு பிஎன்ஜி இன்னமும் நல்லது. புகைப்படத்துக்கும் வண்ணம் குழைத்த ஓவியத்துக்கும் அது வீண் சுமை.

"பழைய போனில் திறக்காதே" எண்டு சிலர் கேட்பினம். நியாயமான கேள்விதான். ஆனால் இழுபட்டுக்கொண்டிருந்த ஐபோனின் சஃபாரியே 2020இல் வெப்பியையும் 2022இல் ஏவிஃபையும் ஏற்றுக்கொண்டது. அதுக்கும் முந்தின போன் வைத்திருக்கிறவைக்கு, அதே பக்கத்தில் ஒரு ஜேபெக் பிரதியையும் மாற்றாக வைக்கலாம். சில வரி நிரல்தான். அதைச் சாட்டி எல்லாரிலும் பாரம் ஏற்றத் தேவையில்லை.

ஒண்டு மட்டும் கவனம்: மூலக் கோப்பை அழிக்காதேங்கோ. ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே மாற்றுங்கோ. சுருக்கின பிரதியைத் திரும்பத் திரும்பச் சுருக்கினால் படம் தேய்ஞ்சு போகும்.

எங்கட இருபது படத்தையும் வெப்பிக்கு மாற்றி, அகலத்தையும் போன் திரைக்கு ஏற்றமாதிரிக் குறைத்துவிட்டம். தங்கச்சி, மிச்சப் பதினாறையும் இப்ப பாருங்கோ. இனி எங்களுக்குப் படம் அனுப்புறவை மூலத்தையே அனுப்புங்கோ. மாற்றுறது எங்கட வேலை.