வாதும் வசையும்

முகம் நோக்கிச் சொல்லாடிய காலத்தில் நாணம் என்பதொன்று நாவிற்குக் காவலாய் நின்றது. கைத்தொலைபேசி வழியே நூற்றுக்கணக்கானோர் ஒருங்கு கூடி வாதிடும் இந்நாளில் அக்காவல் தளர்ந்துவிட்டது. அக்காவலை இனி ஏற்பவர் யாவர் என்பதே நம்முன் நிற்கும் வினா.

இவ்வினாவின் கடுமையை நம் மாவட்டம் பட்டறிந்துள்ளது. 2018 பெப்ரவரி 26ஆம் நாளிரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்து உணவில் மலட்டு மருந்து கலந்ததாகப் பழி எழுந்தது. சிங்களம் செவ்வனே அறியாத உணவகத்தார், வினாவின் பொருள் தெளியாது கூறிய விடை, குற்றத்தை ஒப்பியதாகப் படம்பிடிக்கப்பெற்று முகநூலிற் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்குண்டன. அஃது வெறும் மாவுக் கட்டியே எனப் பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெளிவாயிற்று. மார்ச்சு மாதத் தொடக்கத்தில், வேறொரு நிகழ்ச்சியை முதலாகக் கொண்டு, கண்டி மாவட்டத்துத் திகனையில் வன்முறை மூண்டபோது, அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, சமூக ஊடகங்களை ஏறத்தாழ ஒரு வாரம் அடைத்து வைத்தது. அவ்வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

2024 சனவரி 24இல் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பொய்க்கூற்று எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் அது ஒப்படைக்கின்றது. அடைத்து வைத்தால் வசையோடு வாதும் மாளும். ஆணைக்குழுவோ நம்மூரதன்று. நம்மூர்ப் பேச்சில் எது கேலி, எது பகை என்பதை நம்மூரார் அன்றோ விரைந்து உணர்வர்?

கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தைக் காண்க. அதனைத் தரமுயர்த்துமாறு 2019 யூன் மாதத்தில் தமிழர் உண்ணாநோன்பிருந்தனர். எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். இருசாராரும் ஒரே தமிழைப் பேசுவோர். எல்லை எது, எவர்க்கு என்ன இழப்பு என்பன ஆராய்தற்குரிய வினாக்கள். அவற்றை விடுத்து ஒருவர் குலத்தையும் மார்க்கத்தையும் மற்றவர் பழிக்கத் தொடங்கின், செயலகம் மறைந்து பகை ஒன்றே எஞ்சும்.

நன்னூலார் எழுவகை மதங் கூறினார். உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும் அடங்கும். இழித்துரைத்தல் அங்கு இடம்பெறவில்லை. ஹதீஸ் கலை வல்லாரோ, செய்தியைக் கேட்டவுடன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தனர். வரிசை அறுந்ததாயின் தயங்கினர். தமிழ் மரபும் இஸ்லாமிய மரபும் ஒருங்கு வாழும் இக்கரையோரத்திற்கு நடுவுநிலை இலக்கணம் பிறநாட்டிலிருந்து வரவேண்டியதன்று.

வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி, எவர் எழுதியதையும் எல்லார்க்கும் மறையுமாறு அழிக்கவல்லார். நிர்வாகியரன்றி எவரும் எழுதாவாறு குழுவைச் சிறிது பொழுது அடக்கவும் வல்லார். எனவே அவர் வெறும் உறுப்பினரல்லர், நடுவராவார். கருத்தை விட்டு வசையை மட்டும் நீக்குக; நீக்கிய காரணத்தை எழுதியவர்க்குக் கூறுக; மூலம் அறியாப் படத்தை நிறுத்தி வைத்து, எங்கிருந்து பெற்றீர் என வினவுக. பிறர் பக்கத்து வசையை அழித்தல் எவர்க்கும் எளிது. தம் பக்கத்தார் வசையை அழித்தலே நடுவரின் உரைகல். கல்முனையில் இரு சமூகத்தாரும் கூடும் குழுவிற்குத் தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவருமாக இருவர் பொறுப்பேற்று, தத்தம் சாராரின் சொல்லைத் தாமே முதலிற் கண்டிப்பாராயின், சட்டத்தின் கை நீளுமுன்பே தீ அணைக்கப்படும்.