நிறம் மாறின நூலைத் தூக்கிப் போடாதீங்க

காலடிப்பேட்டைனு சொல்றோமே, அது யாரோட காலடினு யோசிச்சிருக்கீங்களா? சாமி காலடி எதுவும் கிடையாது. 1717-லிருந்து 1720 வரைக்கும் சென்னைப்பட்டணத்துல கம்பெனி கவர்னரா இருந்தவர் ஜோசப் காலட். திருவொற்றியூர் பக்கத்துல நெசவாளர்களையும், துணியில சாயத்தால சித்திரம் எழுதுறவங்களையும் குடியேத்தி அவர் உண்டாக்கின ஊருக்குப் பேரு 'காலட் பேட்டை'. நம்ம ஜனங்க வாயில புகுந்து புறப்பட்டு அது காலடிப்பேட்டை ஆயிடுச்சு.

அப்படியே பக்கத்துப் பேட்டைகளையும் பாருங்க. நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவங்க இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734-ல நூற்பவர்களையும் நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் சேர்த்துக் குடிவெச்ச இடம் சிந்தாதிரிப்பேட்டை. நம்ம டெக்ஸ்டைல் டிப்பார்ட்மென்ட்ல ஸ்பின்னிங், வீவிங், வெட் ப்ராசஸிங்னு கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்போமே, அந்த ஃப்ளோ சார்ட்டையே அந்தக் காலத்துல பேட்டை பேட்டையா தரையில போட்டிருக்காங்க.

நான் இந்தக் காலடிப்பேட்டைக்காரன். ஃபைனல் இயர் டெக்ஸ்டைல். எங்க தெருவுல இன்னைக்கு தறிச் சத்தம் கிடையாது, கன்டெய்னர் லாரி ஹாரன் சத்தம்தான். 'பழைய பெருமை போச்சே'னு அழுறதுக்காக இதை எழுதல. நம்ம லேப்ல தினமும் நடக்கிற ஒரு விஷயத்தைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கருத்து இதுதான். எதிர்பார்த்த நிறம் வராத நூலை நாம குப்பையில போடுறோம். வந்ததை மட்டும் ரெக்கார்டு நோட்டுல ஒட்டுறோம். ஒரு டெக்ஸ்டைல் ஸ்டூடன்ட் நாலு வருஷத்துல சம்பாதிக்கிற உண்மையான சொத்து, குப்பைக்குப் போற அந்த நூல்கள்தான். அதைச் சேர்த்துவைக்கவும், அதுக்கு மார்க் போடவும் நாம கத்துக்கணும்.

டையிங் லேப்ல எப்படி வேலை நடக்குதுனு மத்த டிப்பார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சொல்லிடறேன். ஒரு ஷேட் கொடுப்பாங்க. அதே நிறம் நம்ம நூல்ல வரணும். வந்ததானு கண்ணை நம்ப மாட்டோம், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல வெச்சுப் பார்ப்போம். ரெண்டு நிறத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்துக்கு டெல்டா ஈ-னு பேரு. அது பொதுவா 1-க்குள்ள வந்தா பாஸ். அப்புறம் சோப்புத் தண்ணியில துவைச்சுப் பார்த்து 1-லிருந்து 5 வரைக்கும் கிரேடு போடுவோம். 5 வந்தா சாயம் போகல. 2 வந்தா அந்த சாம்பிளை யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க.

இதுல தப்பு இல்ல. பத்தாயிரம் சட்டை ஆர்டர் எடுத்தவர் கடைசி சட்டையும் முதல் சட்டை மாதிரியே இருக்கணும்னுதான் கேப்பார். ஆனா இந்தப் பயிற்சி நமக்குத் திரும்பச் செய்ய மட்டும்தான் சொல்லிக்கொடுக்குது. புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கணும்னா, 'ஏன் வேற மாதிரி வந்துச்சு?'னு கேக்கத் தெரியணும். அந்தக் கேள்விக்கு நம்ம ரெக்கார்டு நோட்டுல ஒரு பக்கம்கூட கிடையாது.

என்னோட ப்ராஜெக்ட்டையே உதாரணமா எடுத்துக்கிறேன். 40-ம் நம்பர் பருத்தி நூல், சிட்டம் சிட்டமா. ஒரு சிட்டம்னா 840 கெஜம், எடை சுமார் 11 கிராம். நாட்டு மருந்துக்கடையில மஞ்சிட்டி வேர்ப்பொடி, கடுக்காய்ப்பொடி, படிகாரம் மூணும் கிடைக்கும். நூலை வாஷிங் சோடா போட்டு வேகவெச்சு அலசணும். கடுக்காய்த் தண்ணியில ஊறவைக்கணும். அப்புறம் படிகாரத் தண்ணி. கடுக்காயில இருக்கிற டானின் நூலைப் பிடிச்சுக்கும், படிகாரத்துல இருக்கிற அலுமினியம் டானினைப் பிடிச்சுக்கும், கடைசியா சாயம் அலுமினியத்தைப் பிடிச்சுக்கும். சாயத்தையும் நூலையும் இப்படிச் சேர்த்துக் கட்டுற பொருளுக்குத்தான் மார்டன்ட்னு பேரு. நூல் எடை அளவுக்கே மஞ்சிட்டி, ஒரு பங்கு நூலுக்கு இருபது பங்கு தண்ணி, கொதிக்க விடாம ஒரு மணி நேரம் சூடு. அவ்வளவுதான் ரெசிப்பி.

எல்லாத்தையும் ஒரே மாதிரி வெச்சு, தண்ணியை மட்டும் மாத்தினேன். முதல் சிட்டம் கேன் தண்ணியில. ரெண்டாவது எங்க வீட்டு போர் தண்ணியில. அந்தத் தண்ணி வாயில வெச்சா உப்புக் கரிக்கும், பக்கெட்ல வெள்ளையா படியும், சோப்பு நுரைக்காது. மூணாவது, கேன் தண்ணியில உப்பு போட்டது. நாலாவது, கேன் தண்ணியில லேப் கால்சியம் கார்பனேட் கொஞ்சம் கலந்தது. அஞ்சாவது, துருப்பிடிச்ச ஆணியை ஊறவெச்ச தண்ணி.

கேன் தண்ணிச் சிட்டம் செங்கல் பொடி மாதிரி மங்கலான ஆரஞ்சு. போர் தண்ணிச் சிட்டம் நல்ல அழுத்தமான சிவப்பு! உப்பு போட்டது ஏறக்குறைய கேன் தண்ணி மாதிரியே நின்னுடுச்சு. கால்சியம் போட்டது சிவப்புப் பக்கம் நகர்ந்துச்சு. ஆணித் தண்ணி மட்டும் கத்திரிப்பூவும் காப்பிப்பொடியும் கலந்த ஒரு இருட்டு நிறம். மூணு தடவை திரும்பச் செஞ்சேன், இதே வரிசைதான்.

சாயம் போட மென்மையான தண்ணிதான் வேணும்னு பாடத்துல படிக்கிறோம். இன்னைக்கு மில்லுல போடுற சாயங்களுக்கு அது சரியும்கூட, கடினத் தண்ணியில இருக்கிற கால்சியம் அந்தச் சாயத்தைக் கெடுத்துடும். ஆனா மஞ்சிட்டி மாதிரி வேர்ச் சிவப்புக்கு அலுமினியத்தோட கால்சியமும் சேர்ந்தாதான் நிறம் முழுசா எழும்பும். எங்க தெருவே திட்டுற தண்ணி, இந்த ஒரு சிவப்புக்கு நல்ல தண்ணி. கால்சியம் கார்பனேட் போட்டா பிஎச்சும் கொஞ்சம் ஏறும். எது எவ்வளவு வேலை செய்யுதுனு பிரிச்சுப் பார்க்கிறது அடுத்த சுற்று.

முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? தண்ணியோட கடினத்தன்மை பார்க்க ஈடிடிஏ விட்டு, ஒயின் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் பியூரெட்டை முறைச்சுக்கிட்டு நின்னோமே, அங்க நடக்கிறதும் உலோகம் சாயத்தைப் பிடிக்கிற, விடுற கதைதான். அதை எழுதி மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம்.

இந்தக் கரையில இருந்தவங்களுக்கு இந்த விஷயம் எப்பவோ கைவந்திருந்தது. சோழமண்டலக் கரையோட சிவப்பு, சாயவேர்லிருந்து வந்தது. நாட்டு மருந்துக்கடையில 'இம்பூறல்'னு கேட்டா கொடுக்கிற அதே செடிதான். கடலோர மணல்ல நல்லா வளரும். எல்லாக் கிணத்துத் தண்ணிக்கும் அந்தச் சிவப்பு வராதுனு சாயக்காரங்களுக்குத் தெரியும். துவைக்கத் துவைக்க பளிச்சுனு நிக்கிற அந்த நிறத்தைப் பார்த்து ஐரோப்பா மயங்கிப் போச்சு. தாங்காம போன இங்கிலாந்து, சாயம் போட்ட இந்தியப் பருத்தித் துணி உள்ள வரக்கூடாதுனு 1700-லயும், உடுத்தவே கூடாதுனு 1721-லயும் சட்டம் போட்டுச்சு. காலட் இந்தப் பேட்டையைக் கட்டினது அந்த ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல.

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். 1734 வாக்குல பாண்டிச்சேரியில பொல்யூனு ஒரு பிரெஞ்சு கடற்படை அதிகாரி இருந்தார். சாயக்காரங்களைத் தன் கண் முன்னாடி ஒரு துணிக்குச் சாயம் போட வெச்சார். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் துணியில ஒரு துண்டு வெட்டி எடுத்து, என்ன செஞ்சாங்கனு பக்கத்துல எழுதினார். பாதி வெந்த நிறம், இன்னும் நிறமே வராத கட்டம், எல்லாத்தையும். அந்தத் துண்டுகளும் குறிப்பும் இன்னைக்கும் பாரீஸ்ல, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு. 1742-ல கேர்தூனு ஒரு பாதிரியார், தான் ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரங்ககிட்ட கேட்டு, மொத்தச் செய்முறையையும் கடிதமா எழுதி பிரான்சுக்கு அனுப்பினார்.

அந்தத் துணிக்குச் சாயம் போட்டவர் பேரு நமக்குத் தெரியாது. பொல்யூ பேரு தெரியும். கையில வித்தை இருந்தவங்க பேரு போச்சு, துண்டு வெட்டி ஒட்டினவர் பேரு நின்னுது. இது எனக்குக் கோபத்தையும் கொடுக்குது, பாடத்தையும் கொடுக்குது. அவங்களுக்கு எழுதி வெக்க வேண்டிய அவசியம் இல்ல. மகனோ மருமகனோ பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்குவாங்க. 1868-ல ஜெர்மனியில அலிசரின்ங்கிற அதே சிவப்பை ஆய்வுக்கூடத்துல செஞ்சதும் வேர்ச் சாயத்தோட சந்தை சரிஞ்சுது. பக்கத்துல நிக்க ஆள் இல்லாம போனதும் வித்தையும் போச்சு. நமக்குப் பக்கத்துல நிக்க யாரும் இல்ல. எழுதி ஒட்டுறது மட்டும்தான் வழி.

'சரியா வராத நிறத்தை வெச்சு என்ன செய்றது?'னு நீங்க கேக்கலாம். சரி, தப்புங்கிறது யார் கையில இருக்குனு பாருங்க. 1960-கள்ல அமெரிக்காவுல மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைகள் சக்கைப்போடு போட்டுச்சு. துவைக்கத் துவைக்க சாயம் இறங்கி, கட்டங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலங்கும். 'சாயம் கண்டிப்பா போகும்'னு உத்தரவாதமே கொடுத்து வித்தாங்க! நம்ம லேப்ல அது கிரேடு 2, ஃபெயில். நைஜீரியாவுல நைஜர் டெல்டா பக்கம் கலபாரினு ஒரு மக்கள் இருக்காங்க. நம்ம கட்டம் போட்ட துணியை வாங்கி, குறிப்பிட்ட நூலை மட்டும் கத்தியால அறுத்து உருவி எடுத்து, புது டிசைன் உண்டாக்குவாங்க. 'பெலெட்டே பிட்டே'னு அதுக்குப் பேரு. அவங்க வீட்டு விசேஷங்கள்ல அதுக்குத் தனி மரியாதை. இழை அறுந்தா நம்ம இன்ஸ்பெக்ஷன் டேபிள்ல அது டிஃபெக்ட்.

அதுக்காக சாயம் போறதெல்லாம் கலைனு நான் சொல்ல வரல. திருப்பூர்ல சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்த கதையும், 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குப் பாடம். அதனாலதான் பரிசோதனை சிட்டம் அளவுல இருக்கணும்னு சொல்றேன். 11 கிராம் நூலுக்கு 220 மில்லி தண்ணி, ஒரு டம்ளர். குரோமியம், காப்பர் மாதிரி உலோக உப்புப் பக்கமே போக வேண்டாம். டம்ளர்ல தெரிஞ்சுக்காததை ஆயிரம் லிட்டர் தொட்டியில போட்டுக் கத்துக்கிட்டா, அந்தச் செலவை ஆறுதான் கொடுக்குது.

இன்னொரு கேள்வியும் வரும். நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் ஐடி கம்பெனிக்குப் போகப்போறோம், இதெல்லாம் எதுக்கு? ரிவ்யூல எங்ககிட்ட கேக்கிற முதல் கேள்வியும் 'அப்ளிகேஷன் என்ன?'தான். என் பதில் இது: ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி, மத்ததை மாத்தாம வெச்சு, வந்ததை வந்தபடி எழுதுற பழக்கம் எந்த வேலைக்கும் போகும். கோடு எழுதுறவங்க வெர்ஷன் ஹிஸ்டரி வெச்சுக்கிறாங்க, ஓடாத வெர்ஷனையும் அழிக்க மாட்டாங்க. நூலுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்ல?

நம்ம டிப்பார்ட்மென்ட்கிட்ட நான் கேக்கிறது மூணே விஷயம். ஒண்ணு, ப்ராஜெக்ட் மார்க்ல ஒரு பங்கு சாம்பிள் புக்குக்குப் போகட்டும். அதுல எதிர்பார்க்காத நிறமும், என்ன தண்ணி, என்ன சூடு, எவ்வளவு நேரம்ங்கிற குறிப்பும் இருக்கணும். ரெண்டு, பாஸ் அவுட் ஆகும்போது அந்த புக்கை நாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம டிப்பார்ட்மென்ட் லைப்ரரியில வெச்சுட்டுப் போகணும். நம்ம ஜூனியர்ஸ் நாம நின்ன இடத்துலிருந்து ஆரம்பிக்கட்டும். மூணு, யார்கிட்ட கத்துக்கிட்டோமோ அவங்க பேரை, அவங்க சம்மதத்தோட, அதே பக்கத்துல எழுதணும். அது சாயப்பட்டறை மாஸ்டரா இருக்கலாம், நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சியா இருக்கலாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி விட்டுப்போனது அந்தப் பேருதான்.

டிப்பார்ட்மென்ட் முடிவு பண்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. நம்ம காலேஜ்ல எண்ணூர்லிருந்து வர்றவங்க இருக்கீங்க, ராயபுரம், செங்குன்றம், பொன்னேரினு எங்கெங்கயோ இருந்து வர்றீங்க. ஒவ்வொரு ஊர்த் தண்ணியும் ஒவ்வொரு மாதிரி. டெக்ஸ்டைல் படிக்கணும்னுகூட அவசியம் இல்ல. உங்க வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டுவாங்க, நூலும் மஞ்சிட்டியும் நான் தர்றேன். வந்த நிறத்தை ஊர் பேரு, தேதியோட ஒரே ஃபைல்ல ஒட்டுவோம். முதல் பக்கத்துல காலடிப்பேட்டையோட அஞ்சு சிட்டமும் இருக்கு, அந்த ஆணித் தண்ணி நிறமும் சேர்த்து. ரெண்டாவது பக்கம் இன்னும் காலியா இருக்கு.