வாடகைக் காரும் நகரசபைக் கட்டணமும்

எளியவன் ஒருவன் தன் உழைப்பினாற் பிழைக்கப் புறப்படுமுன், நகரசபையின் வாயிலிற் பணங்கட்டி லைசென்சு பெறவேண்டுமென்பது முறையாகுமா? இங்கிலாந்தில் வாடகைக் கார் ஓட்டுவோர் இவ்வினாவை நெடுங்காலமாக எழுப்பி வருகின்றனர். ஆங்கே, லண்டன் மாநகர் நீங்கலாகப் பெரும்பாலான ஊர்களிற் சாரதிக்கு ஒரு சீட்டும், வண்டிக்கு ஒரு சீட்டும், வண்டிகளை அமர்த்தி அனுப்புவோர்க்கு ஒரு சீட்டுமாக ஸ்தல ஸ்தாபனங்களே வழங்குகின்றன. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. அக்கட்டணம் முறையானதே என்பது என் கொள்கை. ஆயினும் அது வாங்கப்படும் விதத்திற் சில குறைகள் உள்ளன.

முற்காலத்தில் அது முறையற்றதாகவே இருந்தது. 1662-ஆம் ஆண்டில் லண்டன் தெருக்களைச் செப்பனிடுதற்கென்று ஒரு சட்டம் பிறந்தது. வாடகைக் குதிரைவண்டிகள் 400-க்கு மேற்படலாகாதென்றும், வண்டியொன்றுக்கு ஆண்டுதோறும் 5 பவுன் செலுத்த வேண்டுமென்றும் அதே சட்டம் விதித்தது. பிரபுக்களின் சொந்த வண்டிகளும் அத்தெருக்களிலேதான் உருண்டன; அவற்றின்மேல் இந்த 5 பவுன் விழவில்லை. பெயர் கட்டணமாயினும் பொருளால் அது வரியேயாம்.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. சாரதியின் சீட்டுக்கு, அதனை வழங்கி நிர்வகிக்கும் செலவளவே கேட்கலாம். வண்டியின் சீட்டுக்கு, வண்டியைச் சோதித்தல், நிற்குமிடம் அமைத்தல், மேற்பார்த்தல் ஆகியவற்றின் செலவையே கேட்கலாம். அப்பணத்தைப் பூங்காவுக்கோ நூல்நிலையத்துக்கோ திருப்புதல் ஆகாது. ஆயக்காரருக்கு யோவான் ஸ்நானன் சொன்ன புத்தியும் இதுவன்றோ! யானைக்குக் கவளம் அளந்து கொடுத்தல் வேறு, அதனை விளைவயலில் இறங்கவிடுதல் வேறு என்று பிசிராந்தையார் பாண்டியனுக்கு உரைத்ததைப் புறநானூற்றிற் கற்றோர்க்கு, இச்சட்டத்தின் கருத்து எளிதில் விளங்கும்.

எனினும் கவளத்துக்குரிய நெல் யார் களத்திலிருந்து அளக்கப்படுகிறது என்பதும் காணத்தக்கது. வேக்பீல்டு நகரசபை, சாரதிகளின் நடத்தையைக் கண்காணிக்கும் செலவை வண்டிச் சீட்டின் கட்டணத்தில் ஏற்றியிருந்தது. வாடகைக் கார்ச் சங்கத்தார் வழக்காடி வென்றனர். 2019-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நியாயஸ்தலமும் அவர் பக்கமே தீர்த்தது. ஆனால், அச்செலவைச் சாரதியின் சீட்டுக் கட்டணத்திற் சேர்க்கலாமென்றும் கூறிற்று. பாரம் இறங்கவில்லை, தோள் மாறிற்று. இதிலொரு வேடிக்கை உண்டு. வண்டிக் கட்டணம் 25 பவுனுக்கு மேற்படின் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரஞ் செய்து, மறுப்போர்க்கு 28 நாள் தவணை தரவேண்டும். சாரதியின் கட்டணத்துக்கோ அவ்விதி இல்லை. சொந்த வண்டியில்லாதவனுக்குத்தான் வாய்ப்பூட்டு!

அங்ஙனமாயின் கட்டணத்தையே ஒழித்துவிடலாமே என்பர். ராதர்ஹாம் நகரின் செய்தியறிந்தோர் அவ்வாறு கூறார். 1997 முதல் 2013 வரை அங்கே 1,400 பிள்ளைகளேனும் சீரழிக்கப்பட்டனர் என்று 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. வாடகைக் கார்களிற் சில அப்பாதகத்துக்குக் கருவியாயின. நகரசபையின் மேற்பார்வை சீர்கெட்டிருந்ததை அடுத்த ஆண்டில் வந்த மற்றோர் அறிக்கை கடிந்துரைத்தது. பின்பு வண்டிதோறும் படக்கருவி பொருத்தவேண்டுமென்று விதி வந்தது. குற்றமற்ற சாரதிகளும் அதற்கு உட்பட்டனர். அவர்கள் மனம் நொந்தது இயல்பே. ஆயினும் நள்ளிரவில் தனித்து நிற்கும் பெண்ணொருத்தி, முன்பின் அறியாதவன் வண்டியில் ஏறுவது எதனை நம்பி? நகரசபை அவனை ஆராய்ந்தே சீட்டளித்தது என்னும் ஒன்றை நம்பியன்றோ? அந்நம்பிக்கை குலைந்தால் நல்ல சாரதிக்கும் சவாரி கிடையாது. ஆராய்வதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

ஆதலின், ஊர்மாறிச் சீட்டுப் பெறும் வழக்கமே எனக்கு மிகவும் பிழையாகத் தோன்றுகிறது. உல்வர்ஹாம்ப்டன் நகரசபையிற் சீட்டுப் பெற்று மான்செஸ்டரில் ஓட்டுவோர் பலர். சட்டம் அதனைத் தடுத்திலது. பணம் ஓரூரில், சக்கரம் மற்றோரூரில். மான்செஸ்டர் உத்தியோகஸ்தர் குற்றங் கண்டால் எழுதி அனுப்பலாம்; சீட்டை விலக்கும் அதிகாரமோ வழங்கிய சபைக்கே உரியது. சாரதிகளை யான் குறைகூறேன். காசும் காலமும் குறையச் செலவாகும் வாயிலை நாடுவது மக்களியல்பு. வண்டி பெரும்பாலும் ஓடுகின்ற ஊரிலேயே சீட்டுப் பெறவேண்டுமென்று பார்லிமெண்டு விதித்து, சாரதியின் கட்டணத்தையும் கணக்குடன் பத்திரிகையில் வெளியிடச் செய்யுமாயின், அது இன்னுஞ் சில பவுன் கூடினும் மறுத்துரைக்க யான் துணியேன்.