சிட்டியின் சட்டையை மாற்றியது யார்?

‘எந்திரன்’ பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி கறுப்பு உடையில் ரோபோக்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் அதே உடையை மாட்டிக்கொண்டு விஞ்ஞானி வசீகரன் ஒளிந்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு கறுப்பு ஆடு புகுந்துவிட்டது என்று மோப்பம் பிடித்த ரோபோ சிட்டி, ஆடு போலக் கத்தியபடியே வரிசையைச் சுற்றி வருகிறான். தாம்பரம் பக்கம் இன்றைக்கும் டீக்கடையில் யாராவது அப்படி ஒரு தடவை கத்தினால் போதும், எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்சியின் பதைப்பு முழுக்க உடையில்தான் இருக்கிறது. வசீகரனின் சட்டையில் ஒரு தகடு இடம் மாறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உடையை இவ்வளவு நம்பிய கதை, அடுத்த பாகத்தில் அதே உடையைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை.

‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1-இல் வந்தது. ‘2.0’ வந்தது 2018 நவம்பர் 29-இல். இயக்குநர் ஷங்கர், நாயகன் ரஜினிகாந்த், ரோபோ சிட்டி, மூன்றும் அப்படியே. பிரித்துப் போடப்பட்ட பழைய சிட்டியை வசீகரன் மறுபடி பூட்டி எழுப்புகிறார் என்பது கதை. எழுந்து வரும் சிட்டியின் உடையோ பழையதல்ல. தையல் வேறு, தகடு வேறு. சிவப்பு சில்லு பொருத்தியதும் வருகிற கெட்ட சிட்டியும் முதல் பாகத்தின் கெட்ட சிட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருவர் இல்லை, அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும்.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். முதல் பாகத்தில் உடை வடிவமைப்பை மணீஷ் மல்ஹோத்ராவும், ‘மென் இன் பிளாக்’ படத்துக்கு உடை அமைத்த மேரி வோக்ட்டும் பார்த்துக்கொண்டார்கள். கலை இயக்கம் சாபு சிரில், ஒளிப்பதிவு ரத்னவேலு, தயாரிப்பு சன் பிக்சர்ஸ். இரண்டாம் பாகத்தில் கலை இயக்கம் முத்துராஜ், ஒளிப்பதிவு நிரவ் ஷா, தயாரிப்பு லைக்கா. துறைக்குத் துறை ஆள் மாறினால் பழைய பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுப்பிருக்காது. மேலும் ‘2.0’ நேரடியாக 3டி கேமராவில் எடுக்கப்பட்டது. 2டி-யில் கண்ணை ஏமாற்றிய துணியும் தகடும் 3டி-யில் தப்பிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. ரோபோவுக்கு வயதாகாது, நடிகருக்கு ஆகும். முதல் படம் வந்தபோது ரஜினிக்கு 59, இரண்டாவது வந்தபோது 67. அந்த எட்டு வருடத்தை விக்கும் மேக்கப்பும் உடையும்தான் மறைத்தாக வேண்டும்.

இவை எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் எதுவும் கதைக்குள் இல்லை.

‘அட, சினிமாதானே’ என்று சிரிப்பவர்கள் உண்டு. நம் படங்களில் ஒரு பாட்டு முடிவதற்குள் நாயகன் ஐந்து சட்டை மாற்றுகிறார், ஸ்விட்சர்லாந்துக்கும் போய் வருகிறார். யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, அது அந்த ஆட்டத்தின் விதி. அறிவியல் புனைவின் விதி வேறு. அது எல்லாவற்றுக்கும் விளக்கம் தருவேன் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறது. சிட்டியின் வேகம் ஒரு டெராஹெர்ட்ஸ், நினைவகம் ஒரு ஜெட்டாபைட் என்று புள்ளிவிவரம் கொடுத்த படம் அது. நினைவகத்துக்குக் கணக்குச் சொன்னவர்கள் சட்டைக்கும் சொல்லலாமே?

ஹாலிவுட் மட்டும் இதில் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் போபா ஃபெட்டின் முன்கைக் கவசம் 1980 படத்தில் பச்சை, 1983 படத்தில் அரக்குச் சிவப்பு. டார்த் வேடரின் உள்ளங்கி 1977-இல் தோள் கவசத்துக்கு மேலே இருந்தது, அடுத்த படத்தில் கவசத்துக்கு அடியில் போய்விட்டது. ஆனால் 2016-இல் ‘ரோக் ஒன்’ எடுத்தவர்கள், தங்கள் கதை 1977 படத்துக்குச் சற்று முன்னால் நடப்பதால், அங்கியை மறுபடி கவசத்துக்கு மேலேயே போட்டார்கள். முப்பத்தொன்பது வருடப் பழைய துணி மடிப்பை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

‘ஸ்டார் ட்ரெக்’ கதை இன்னும் ருசி. அறுபதுகளின் தொலைக்காட்சித் தொடரில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் சாதாரண நெற்றியோடு வந்தார்கள். 1979 திரைப்படத்தில் திடீரென்று நெற்றியில் எலும்பு மேடு. கையில் காசு வந்தது, மேக்கப் கூடியது, அவ்வளவுதான். ரசிகர்கள் விடவில்லை. 1996-இல் ஒரு தொடரில், இது பற்றிக் கேட்டதும் ஒரு கிளிங்கான், வெளியாட்களிடம் இதைப் பேசுவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 2005-இல் மரபணு, வைரஸ் என்று இரண்டு அத்தியாயம் ஒதுக்கிக் கதையாகவே விளக்கிவிட்டார்கள். பதில் வர இருபத்தாறு வருடம் ஆனது, ஆனாலும் வந்தது.

‘எந்திரன்’ வசனத்தில் பங்குள்ள சுஜாதா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். எழுத்தில் அவருக்கு இந்த உடைத் தொல்லை இருந்ததில்லை. அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலின் ஜீனோ ஒரு ரோபோ நாய், சட்டை போடாது. திரைக்கு வந்தால்தான் வம்பு.

படப்பிடிப்பில் உடை பிசகாமல் பார்த்துக்கொள்பவர் ஓர் உதவி இயக்குநர். காலர் பொத்தான் போட்டிருந்ததா, கைமடிப்பு எத்தனை சுற்று, ரத்தக்கறை இடது தோளிலா வலது தோளிலா என்று குறித்துக்கொண்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டும் நிற்பார். ‘கன்டினியூட்டி’ என்று அந்த வேலைக்குப் பெயர். ஒரு ஷெட்யூலுக்கும் அடுத்த ஷெட்யூலுக்கும் நடுவில் அது ஒழுங்காகவே நடக்கிறது. ‘இன்று நேற்று நாளை’ போன்ற காலப்பயணப் படத்தில் சட்டைதான் கடிகாரம். அங்கே பிசகினால் கதையே புரியாது. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில்தான் அந்தக் குறிப்பேடு காணாமல் போகிறது. நம் ஊரில் நாயகனுக்குப் புது கெட்டப் என்பது போஸ்டருக்கான சரக்கு. பழைய உடையில் வந்தால் முதல் பார்வைப் படம் வெளியிட என்ன இருக்கிறது?

சேலையூரிலோ பல்லாவரத்திலோ பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையை சிட்டியாக்க நினைக்கும் பெற்றோர், எந்த சிட்டி என்று முதலில் முடிவெடுத்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. கோடிகளைக் கொட்டிப் படம் எடுப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

உடையை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது சிட்டி படம் ஒன்று வந்தால், பழைய உடைகளையும் குறிப்பேட்டையும் புதுக் குழுவின் கையில் கொடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஏன் மாற்றினீர்கள் என்று வசீகரனை விட்டு ஒரு வரி வசனம் சொல்ல வையுங்கள்.