கோகோ கோலா பலகை எங்கே போச்சு?

டிசம்பர் வந்தால் போதும், ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்’ டிவிடியைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, “வணிகத்துக்கு எதிரான கிறிஸ்மஸ் படம்னா இதுதான்” என்று உருகுகிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அருமையான படம்தான், மறுக்கவில்லை. 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதலில் வந்த அரை மணி நேர நிகழ்ச்சி. பண்டிகை வந்தும் மனசு சரியில்லாத ஒரு பையன். பளபளக்கும் அலுமினிய மரம் வாங்கிவரச் சொன்னால், இலை உதிரும் நோஞ்சான் மரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். குழந்தைகளுக்குக் குழந்தைகளே குரல் கொடுத்திருக்கிறார்கள். இடையில் செயற்கைச் சிரிப்பொலி கிடையாது. லைனஸ் மேடையேறி லூக்கா இரண்டாம் அதிகாரத்தைச் சொல்கிறான். பயப்பட வேண்டாம் என்று தேவதூதன் சொல்லும் இடத்தில், ஒருபோதும் விடாத போர்வையை அவன் கை தன்னால் விட்டுவிடுகிறது. இந்த ஒரு நொடிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் டிவிடியில் இல்லாத ஒன்று உண்டு. கிறிஸ்மஸே பெரிய வியாபாரம் என்று லூசி அடித்துச் சொல்லும் இந்தப் படத்துக்குக் காசு போட்டது கோகோ கோலா. ஸ்னூப்பி சுழற்றி வீசிய வீச்சில், முதல் ஒளிபரப்பில் லைனஸ் போய் மோதியது கோகோ கோலா பலகைமேல். முடிவில் அந்தப் பானத்தைப் பாட்டிலில் நிரப்புகிறவர்களின் கிறிஸ்மஸ் வாழ்த்தும் வந்தது. பிறகு இரண்டையும் நறுக்கிவிட்டார்கள். ஸ்பான்சர் மாறினால் பழையவர் பெயரை எடுப்பது டிவி தொழிலில் சகஜம். சரி, டிவிடிக்கு எந்த ஸ்பான்சர்? வண்ணத்தைத் துடைத்துப் புதுப்பிக்கத் தெரிந்தவர்களுக்குக் காசு வந்த வழியை மட்டும் காட்ட மனசு வரவில்லை.

தூத்துக்குடிக்காரனுக்கு இது உறுத்தும். எங்கள் கரையில் வேதமும் வியாபாரமும் ஒரே கப்பலில் வந்தவை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்கியதற்குப் பின்னால், கடலையும் முத்தையும் காக்கப் போர்த்துக்கீசியர் துணை தேவை என்ற கணக்கு இருந்தது. சவேரியார் வந்தது 1542இல், அதற்கும் பிறகு. சலாபம் நின்றே பல பத்தாண்டு ஆயிற்று. இருந்தும் பனியே பெய்யாத ஊரில் ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதாவுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. முத்துக் கதையைச் சொன்னதால் அந்தப் பக்தியில் ஒரு குன்றிமணி குறைந்ததா?

“ஒரு விளம்பரப் பலகைக்கா இவ்வளவு ஆட்டம்?” என்று கேட்கலாம். கேளுங்க. கங்கைகொண்டான் சிப்காட்டில் இதே பானத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிறது. குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. அந்த ஆறு கடலில் சேரும் இடம் எங்கள் புன்னைக்காயல். தூத்துக்குடி வீடுகளின் குடத்தில் விழுவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். இங்கே உட்கார்ந்து பார்க்கிறவனிடம் அந்தப் பெயரை மட்டும் அழித்துவிட்டு, “பார், எவ்வளவு தூய்மையான படம்!” என்று நீட்டினால் எப்படி?

பலகையோடு பார்த்தால்தான் சார்லி பிரவுனின் துக்கத்துக்கே கனம் கூடும். சந்தைக்குள் நின்றுகொண்டு, சந்தைக்காரன் காசிலேயே சந்தையைப் பார்த்து முனகுகிற பையன் அவன். நம்ம நிலைமையும் அதுதானே. அடுத்த பதிப்பில் 1965 ஒளிபரப்பை அப்படியே, வெட்டாமல் சேர்க்கட்டும். லைனஸ் அந்தப் பலகையில் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.