நாள்தோறும் வழி கேட்பதேன்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகியிருந்த ஒரு நாள் மாலை, நம் மாணவனொருவன் தன் தாயாருடன் நம் வீட்டுக்கு வந்தான். "சேர், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று தாயார் தம் தொலைபேசியை நம் கையிலே தந்தார். நாமும், கற்றவரென்னும் மிடுக்குடன், தேடுபொறியிலே இரண்டு சொற்களைத் தட்டி, முதலில் வந்த வரியைத் தொட்டோம். அப்பக்கம் சுட்டெண்ணைக் கேட்டது; கொடுத்தோம். தொலைபேசி எண்ணைக் கேட்டது, அதனையும் கொடுத்தோம். குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தைக் கேட்டது, அதனையுங்கூடக் கொடுத்தோம். பெறுபேறு மாத்திரம் வரவில்லை. மறுநாள் தொட்டு, நாம் ஒருபோதும் கேட்டிராத ஏதோவொரு செய்திச் சேவைக்கென, அத்தொலைபேசியிலிருந்து நாளுக்குச் சில ரூபாய்கள் கழியலாயின. தோட்டத்திலே கொழுந்து கொய்து பிழைப்பவர் அந்த அம்மையார். அதனை நிறுத்துவிக்க நமக்கு ஒரு கிழமை சென்றது. அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை; அதுவே நம்மை அதிகம் வருத்திற்று.

பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்துக்கு நாம் அதற்கு முன்னர் எத்தனையோ முறை போயிருக்கின்றோம். ஆனால், ஒவ்வொரு முறையும் வழி கேட்டே போயிருக்கின்றோம். மாத்தளையிலே இருபது ஆண்டுகள் குடியிருக்கும் ஒருவர், நாள்தோறும் பஸ் நிலையத்தில் நின்று, "முத்துமாரியம்மன் கோயிலுக்கு எப்படிப் போவது?" என்று கேட்பாராயின், ஊரார் நகையார்களா? என்றோ ஒரு நாள், வழி சொல்வதற்குக் கூலி பெற்றவனொருவன் அவரைத் தன் கடைவாசலுக்கே அழைத்துச் சென்று விடுவான். தேடுபொறியின் முதல் வரிகள் சில பணங்கொடுத்து வாங்கப்பட்டவை. விளம்பரமென்று சிற்றெழுத்திற் குறித்துமிருப்பார்கள். பெறுபேறு பார்க்கும் அவசரத்தில் அதனை யார் படிக்கின்றார்கள்?

இதற்கு மாற்று மிக எளிது, புதியதுமன்று. 1993இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் வெளியான மொசைக் என்னும் உலாவியிலேயே, விரும்பிய பக்கங்களின் முகவரிகளைக் குறித்து வைக்கும் பட்டியலொன்று இருந்தது. பின்வந்த நெட்ஸ்கேப் அதனைப் புத்தகக்குறி என்றது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் விருப்பங்கள் என்றனர். பெயர் எதுவாயினும் காரியம் ஒன்றே. வேண்டிய தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விசைப்பலகையிலே கண்ட்ரோல் விசையுடன் ஆங்கில 'டி' எழுத்தை அழுத்தினால், முகவரி பதிவாகிவிடும். கண்ட்ரோல், ஷிப்ட், 'பி' மூன்றையும் சேர்த்து அழுத்தினால், குரோம், பயர்பொக்ஸ் ஆகியவற்றில் அக்குறிகள் திரையின் மேற்புறத்தே வரிசையாக நிற்கும். அப்புறம் ஒரு தொடுகை போதும். பயர்பொக்ஸில் இன்னுமொரு வசதியுண்டு. குறியொன்றுக்கு ஓரெழுத்தையே சுருக்கப் பெயராகச் சூட்டலாம். நாம் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேமித்து வைத்திருக்கும் நூலகம் தளத்துக்கு ஆங்கில 'என்' எழுத்தைச் சூட்டியிருக்கின்றோம். கண்ட்ரோல் விசையுடன் 'எல்' எழுத்தை அழுத்தினால் முகவரிப் பட்டைக்குப் போகலாம். அங்கே 'என்' தட்டி என்டர் விசையை அழுத்துகின்றோம். 2005இல் தொடங்கிய அவ்வரிய களஞ்சியம் வாசல் திறக்கின்றது. இலக்கியம் பயிலும் மாணவர் 1998இல் தோன்றிய மதுரைத் திட்டத்தையும் அவ்வாறே அருகில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறத்தலாகாது. குறித்து வைக்கும் முதல் நாளிலேயே முகவரி சரியானதோவென எழுத்தெண்ணிப் பார்த்தல் வேண்டும். பிழையான வாசலைக் குறித்து வைத்தால், நாள்தோறும் பிழையான வாசலுக்கே விரைந்து போவோம். நம் நாட்டு அரச நிறுவனங்கள் பலவற்றின் முகவரிகள் 'கவ் டொட் எல்கே' என முடிவன. ஐயமிருப்பின், பாடசாலைக்கு வரும் சுற்றறிக்கையிலோ பாடநூலின் பின்னட்டையிலோ அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தட்டுக. கடைகளிலுள்ள பொதுக் கணினிகளில் வங்கிக் கணக்கின் வாசலைக் குறித்து வைப்பது எவ்வகையிலும் தகாது.

நிற்க. நம் நகருக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள அலுவிகாரையை வாசகர் அறிவர். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே வந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அது. நினைவாற்றலிற் பெரியோரான அத்துறவிகளே நினைவை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. ஆயின் ஏடும் அழியக்கூடியதே. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் நூற்களஞ்சியம் அழிவுற்றது. கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்பப் பெற்றபோது, பத்தாண்டுகளாகச் சேர்த்த குறிகளை ஒருங்கே இழந்து நின்ற நமக்கு, அவ்வரலாறு நெஞ்சில் தைத்தது. குறிகள் யாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உலாவிகளிலே உண்டு. இப்போது நாம் தவணைக்கொரு முறை அக்கோப்பை எடுத்து வேறிடத்தில் வைக்கின்றோம்.

அம்மாணவன் இன்று உயர்தரம் பயில்கின்றான். சென்ற ஞாயிறு தாயும் மகனும் மீண்டும் வந்திருந்தனர். உலாவியின் பட்டியலிலே 'முகப்புத் திரையில் சேர்' என்பதைத் தொட்டு, பரீட்சைத் திணைக்களம், பாடநூல்களைத் தரும் கல்வி வெளியீட்டுத் திணைக்களம், நூலகம் ஆகிய மூன்றையும் அத்தொலைபேசியின் முகப்பிலே வைத்துக் கொடுத்தோம். இம்முறை முகவரிகளை இருமுறை பார்த்தோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! தாயார் சற்றுத் தயங்கி நின்று, "சேர், நாளைக்கு மழை வருமான்னு சொல்ற இடம் ஒண்ணு இருக்காமே, அதையும் போட்டுத் தாங்க" என்றார். வளிமண்டலவியல் திணைக்களத்தை நான்காவதாகச் சேர்த்தோம். அதனை நம் தொலைபேசியிலே அதுவரை நாமே வைத்திருக்கவில்லை.